விமானப்படை அதிகாரியை நான் காப்பாற்றிய கதை

ஒரு விமானப்படை அதிகாரியைக் குப்புறத் தள்ளி, அவருடைய முதுகின் மேல் நான் ஒருமுறை ஏறிப் படுத்திருக்கிறேன். என்னைப் பெரிய வீரன் என்று எண்ணிவிட வேண்டாம். அவரைக் காப்பாற்றத்தான் படுத்தேன். (எதிலிருந்து என்று கேட்காதீர்கள், அங்கேதான் வெட்கக்கேடு.)

எங்கள் காணி கிளிநொச்சிக்குத் தெற்கே, இப்போது விமானப்படைத் தளம் இருக்கும் இடத்தில் இருக்கிறது. 'இருக்கிறது' என்று சொல்வது ஒரு நம்பிக்கையில்தான். முதலில் போராளி இயக்கம் காட்டை வெட்டி அங்கே ஓடுபாதை போட்டது. போர் முடிந்ததும் விமானப்படை வந்து அதைத் திருத்தி, சுற்றிவர முட்கம்பி அடித்தது. இரண்டு தரப்பும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு அங்கே பெரிய மனிதர்கள் ஹெலியில் வந்து இறங்குகிறார்கள். வாசலில் உள்ள கடையில் கத்தரிக்காய் விற்கிறார்கள். நல்ல கத்தரிக்காய், எங்கள் மண் அப்படி. அம்மா மட்டும் வாங்க விடமாட்டார். சொந்தக் காணியில் காய்த்ததை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்பது அவருடைய கேள்வி.

சில வருடங்களுக்கு முன், வேலியோரக் காணிகளைத் திருப்பி விடப்போகிறார்கள் என்று கதை வந்தது. உரிமையாளர் உள்ளே போய்த் தன் காணியைக் காட்ட வேண்டும். நில அளவையாளர் அந்த இடத்தில் ஒரு கட்டை அடிப்பார். காட்ட முடியாதவரின் பெயர் பட்டியலில் இருந்து போய்விடும். எங்கள் காணி உறுதிப் பத்திரம், இடம்பெயர்ந்து போன வழியில் உடையார்கட்டு ஊரில் தறப்பாள் கூடாரத்தோடு எரிந்துவிட்டது. மிஞ்சியது அம்மாவின் ஞாபகமும், உள்ளே போக எங்களுக்குத் தந்த ஒரு காலைப்பொழுதும்தான்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. வங்கியில் பயிலுநராகச் சேர்ந்து மூன்று மாதம், தலைக்கனத்துக்கு அது போதும். நாங்கள் குடியிருந்த கண்டாவளையில் இருந்து வெய்யிலில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன். அம்மாவும் அக்காவும் வாய் திறக்கக் கூடாது, எல்லாவற்றையும் நானே பேசிக்கொள்வேன் என்று பஸ்ஸிலேயே உத்தரவு போட்டுவிட்டேன். என் கைப்பேசியில் வானத்தில் இருந்து எடுத்த வரைபடம் இருந்தது. வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அத்துடன் என் அறிவு முடிந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. வீடு, கிணறு, பலாமரம், ஒழுங்கை எல்லாவற்றையும் மட்டமாக்கிப் புல் வளர்த்திருந்தார்கள். இடைக்கிடை செவ்வந்திப் பாத்திகள். முப்பது வருடம் அந்த மண்ணில் கூட்டிப் பெருக்கிய அம்மா, சந்தையில் தொலைந்த பிள்ளையைப் போலச் சுற்றிச் சுற்றி நின்றார். கூட வந்த அதிகாரி நல்ல மனிதர், அம்மாவுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரிடத்தைக் காட்டி, இதுதான் என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னேன். (மனதில் ஒரு சாட்சியும் இல்லை.) அளவையாளர் கட்டையை ஊன்றினார்.

"இது இல்லையடா தம்பி," என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்து மரங்களுக்குப் பின்னால் இருந்து ஒரு விமானம் தாழப் பறந்து வந்தது.

எங்கள் ஊரில் வாய்ப்பாட்டுக்கு முன்னரே ஒரு பாடம் படித்திருந்தோம். சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காதே. பங்கர் கிட்ட இருந்தால் ஓடு, இல்லாவிட்டால் விழு. விழும்போது பக்கத்தில் நிற்பவரையும் இழுத்துக்கொண்டு விழு. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பக்கத்தில் நிற்பவரின் சீருடை கண்ணில் பட்டிருக்கும். அவருடைய பிடரியைப் புல்லோடு அழுத்தி, "தலையைத் தூக்காதை!" என்று கத்தினேன்.

விமானம் சாவதானமாக இறங்கி ஓடுபாதையில் உருண்டது. ஓடிவந்த சிப்பாயின் துப்பாக்கி என் முதுகைப் பார்த்து நின்றது. கீழே இருந்து அதிகாரி கையைத் தூக்கி அவரைத் தடுத்தார்.

"தம்பி, பயம் வேணாம். அது எங்கட பிளேன்."

"ஓம் சேர், அப்பவும் அது உங்கட பிளேன்தான்" என்று நான் திருப்பிச் சொன்னதாக வீட்டில் ஒரு கதை உண்டு. பொய். 'சொரி சேர்' என்று மூன்று தரம் சொல்லி, என் கழுத்துப்பட்டியால் அவருடைய சட்டையைத் துடைத்தேன்.

அப்போதுதான் அம்மாவின் குரல் கேட்டது. முழங்கால் வருத்தக்காரி, அக்காவையும் இழுத்துக்கொண்டு நூறு யார் தூரம் ஓடி, ஒரு செவ்வந்திப் பாத்திக்குள் குந்தியிருந்தார். ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். பங்கருக்குள் இறங்கியதும் அவர் எப்போதும் செய்வது அது.

"நான், பெரியவள்... தம்பி எங்க? அப்பாவைக் கூப்பிடு, மாடு அவிட்டது காணும், வரட்டும்."

அப்பா ஒருநாள் அப்படி மாட்டை அவிழ்க்கப் போய், பங்கருக்கு வந்து சேரவில்லை. கதையின் இந்த இடத்தில் எனக்கு இன்றும் சிரிப்பு வராது.

அம்மா மெல்ல எழுந்து சுற்றிவரப் பார்த்தார். பிறகு வெகு சாதாரணமாக, இதுதான் எங்கள் பங்கர், குசினி வாசல் அந்தப் பக்கம், கிணறு இந்தப் பக்கம் என்று விரலை நீட்டிக் காட்டினார். அளவையாளர் கம்பியால் குத்தினார். இரண்டடி ஆழத்தில், பங்கருக்குக் கூரையாகப் போட்டிருந்த பனங்குற்றி உக்கிப்போய்த் தட்டுப்பட்டது. நான் ஊன்றுவித்த கட்டையைப் பிடுங்கி வந்து அங்கே அடித்தார்கள். அடுத்த குடும்பம் இடம் தெரியாமல் நின்றபோது, இன்னொரு பிளேன் வருமா என்று அளவையாளர் அதிகாரியிடம் கேட்டதாக அக்கா சத்தியம் செய்வார்.

காணி இன்னும் வரவில்லை. கட்டை அங்கே நிற்கிறது என்று நம்புகிறோம். ஆனால் அன்று தொடங்கிய பகிடி ஓயவில்லை. வீட்டில் பூட்டின் திறப்பைக் காணவில்லை, குடையைக் காணவில்லை என்று யார் தேடினாலும், "ஒரு பிளேன் வரட்டும், கிடைக்கும்" என்போம். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார்.

போன மாதம் அவரிடம், அன்றைக்கு ஏன் அப்பாவையும் எண்ணினீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பங்கர் நாலு பேருக்கெண்டுதானே வெட்டினது," என்றார். பிறகு எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடத் தொடங்கினார். அன்றைக்கு நாங்கள் யாரும் பிளேனைக் கூப்பிடவில்லை.