கடலுக்கு டைமவுட் கொடுத்தவர்

கடலைப் பார்த்து விசிலடித்து, "கொஞ்சம் நில்" என்று கட்டளையிட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டைமவுட் நானா, ஊருக்கே அண்ணன். கடல் கேட்கவில்லை. அதற்காக அவர் மனம் தளர்ந்ததும் இல்லை.

கொழும்பிலே கம்பெனிகளின் கூடைப்பந்து அணிகளுக்குக் காலமெல்லாம் கோச்சாக இருந்தவர். அதுதான் தொழில், அதற்குத்தான் சம்பளம். வளர்ந்த ஆண்களுக்குப் பந்தெறியப் பழக்கச் சம்பளமா என்று என் மதினி கடைசிவரை நம்பவில்லை. ஆள் ஏதோ கடத்தல்காரர் என்றே இருந்தாள். கம்பெனி ஓர் இளைஞனைப் பிடித்து இவரை வேலையிலிருந்து நிறுத்தியதும், உப்புக்காற்று நெஞ்சுக்கு நல்லதென்று யாரோ சொல்ல, எங்கள் கடற்கரை ஊரான கண்டக்குழிக்கு வந்து என் வீட்டுப் பின் அறையில் குடியிருந்தார். கம்பெனி திரும்பக் கூப்பிடும் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தார். கடலில் குளிக்கப் போனாலும் தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

ஆண்களோடு நின்று கதைக்க எனக்குக் கூச்சம். காலைச் சாப்பாட்டைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் நீட்டுவேன். அவர் இடியப்பங்களைப் பீங்கானில் பரத்தி வைப்பார். அது ஓர் அணி. சம்பல் எதிரணி.

"இவனப் பாருங்க ராத்தா, பந்து வருது, சும்மா நிக்கிறான்" என்று அந்த இடியப்பத்தைத் தின்றுவிடுவார். சோம்பேறிகள் முதலில் போவார்கள்.

பிறகு மீன்பிடிக்கும் வாலிபர்களைச் சேர்த்து, கருவாடு காயப்போடும் சீமெந்துத் தரையில் ஆட்டம் பழக்கினார். உயரமாக நட்ட தென்னங்குற்றியில் இரும்பு வளையம் ஏறியது. அதற்கு வலை கட்டும் வேலை அந்த வாலிபர்களில் ஒருவனான காசிமிடம் போனது. முதல் பந்து அழகாக உள்ளே விழுந்தது. விழுந்த பந்து வெளியே வரவில்லை. காசிம் வலையின் அடியை இறுக்கி முடிந்திருந்தான்.

"அடி திறந்திருக்கணும் மகன்" என்றார் நானா.

"புடிச்சத விடுறதுக்கா நானா வலை கட்டுற?" என்றான் காசிம்.

கொஞ்ச நாள் ஒவ்வொரு பந்துக்கும் ஒருவன் குற்றியில் ஏறி இறங்கினான். பந்தை எடுக்க ஏறியவன் மேலேயே இருந்து, தூரத்தில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று தண்ணீரின்மேல் மிதந்து போவதைப் பார்த்திருப்பான். கீழே நின்றவர்களும் பார்ப்பார்கள். நானாவும் விசிலை வாயில் வைத்தபடியே மறந்து நிற்பார். ஆட்டம் கனவில் நடப்பதுபோல நடந்தது.

பட்டப்பெயர் வந்தது கரைவலையால். இரண்டு பக்கக் கயிற்றையும் வாலிபர்கள் கரையில் நின்று இழுக்க, வலை நிறைய மீனோடு வந்துகொண்டிருந்தது. இடப்பக்கத்துக் கயிறு பிந்துவது நானாவின் கண்ணில் பட்டது. விசிலடித்தார். ஒரு கையை நிமிர்த்தி, மறு கையை அதன்மேல் படுக்கவைத்து, ஆட்டத்தை நிறுத்திக் கோச்சிடம் வரச் சொல்லும் டைமவுட் காட்டினார். அவரிடம் பழகிய பிள்ளைகள் அல்லவா? அத்தனை பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைச் சுற்றி நின்றார்கள். நானா கடலைத் திரும்பிப் பார்த்து நில்லென்றார். மீனெல்லாம் வெள்ளி வெள்ளியாகப் போயே போய்விட்டது.

வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி மணலில் குந்திவிட்டார். "கடலுக்கு டைமவுட் தெரியா நானா" என்றார். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு நடுப்பகலில் கழுத்துப் பை மணியடித்தது. கம்பெனிதான். இளைஞன் விலகிவிட்டானாம், உடனே வரச் சொன்னார்கள். இத்தனை நாள் காத்திருந்த மனிதர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். வெயிலில் மினுங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை முற்றத்தில் இருந்தார். பிறகு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலுக்கு வந்தார்.

"புள்ளைகள் இப்பதான் பழகி வாறானுகள். போகட்டா ராத்தா?"

இருங்கள் என்றால் இருந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு முதன்முதலாகக் கதவுக்கு வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"போங்க நானா. அது உங்கட தொழில். இஞ்ச நீங்க இருந்தா மீனுக்குத்தான் சந்தோசம்."

பெரிதாகச் சிரித்தார். மறுநாள் சம்மாட்டியின் வான் வண்டியில் ஏற்றி அனுப்பினோம்.

இப்போதும் பட்டங்கள் பறக்கும் காற்றுக் காலத்தில் அறை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். அறையில் ஆள் இருக்கிறார், கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.