டிகிரி சாரும் பெரிய கேமும்

அபுதாபித் தமிழர்களிலேயே கதவைத் திறப்பதற்குக்கூடக் கோணம் பார்த்த ஒரே மனிதர் எங்கள் எதிர் ஃபிளாட் டிகிரி சார்தான். "நாப்பது டிகிரி தொறந்தாப் போதுமுங்க. மேல போனா ஏசி காத்து வீணு" என்பார், அந்த இடுக்கில் உடம்பை நுழைத்தபடி. அவருடைய நிஜப் பெயர் அவர் எமிரேட்ஸ் ஐடிக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை, ஏசி டக்ட் கம்பெனியில் எஸ்டிமேட்டர். குடும்பம் கோயம்புத்தூரில். லீவு நாளெல்லாம் முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு நண்பரின் கராஜில் எஞ்சின்களோடு கழியும்.

எங்கள் பழைய கார் புகை கக்க ஆரம்பித்ததும், எஞ்சினைப் பிரித்துக் கட்டித் தருகிறேன் என்று அவரே வந்து நின்றார். காரணம் அவர் கட்டிலுக்கடியில் இருந்தது: ரேஸ் கார்களுக்கான பெரிய கேம்ஷாஃப்ட் ஒன்று, அவருடைய கல்யாணப் பட்டு வேட்டியில் சுற்றி. எஞ்சினின் வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தண்டு அது; அவர் பாஷையில், சுருக்கமாகக் கேம். அதற்குப் பொருந்துகிற எஞ்சினை வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். எங்களுடையது பொருந்தியது.

"சத்தம் சும்மா சிங்கம் மாதிரி இருக்கும்டி" என்றார் என் கணவர்.

வேகமென்றாலே பயம் எனக்கு; சிங்கம் வேண்டாம். ஆகஸ்ட் வெயிலில், கைக்குழந்தையோடு சிக்னலில் நிற்கும்போது ஏசி நிற்காமல் ஓடினால் போதும். ஆனால் ஆசையாகச் செய்ய வருகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? ஒருவழியாகக் கேட்டேன்.

"சார், அதைப் போட்டா சிக்னல்ல ஏசி நின்னுடாதில்ல?"

டிகிரி சார் முகம் வாடியது. "கணக்குப் போட்டுத்தான் சொல்லணுமுங்க. எஞ்சின் மெதுவா சுத்தறப்ப வால்வு ரொம்ப நேரம் தொறந்திருந்தா, உள்ள வந்த காத்து திரும்பிப் போயிரும். வண்டி குலுங்கும். ஏசி போட்டா நின்னாலும் நிக்கும். விரட்டி ஓட்டறவங்களுக்குத்தான் அது. நீங்க எத்தன ஆர்பிஎம்ல ஓட்டுவீங்க?"

"தெரியாதே சார்."

"அப்ப நான் கூட வர்றனுங்க."

மறுநாளிலிருந்து பின்சீட்டில், குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளுக்கு மேலாக, எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். முள் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டவே இல்லை. பெரிய கேம் விழித்துக்கொள்வதே மூவாயிரத்துக்கு மேலேதானாம்.

"இவ ஓட்டறத வெச்சுக் கணக்குப் போட்டா, மாட்டு வண்டிக்குத்தான் கேம் வாங்கணும்" என்றார் கணவர்.

எனக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. "சார், நீங்க பாக்கறீங்கன்னு மெதுவா ஓட்டிட்டேனோ?"

அவர் முகத்தில் சட்டென்று வெளிச்சம். "இருக்கலாமுங்க! நாளைக்கு நான் இல்லாத மாதிரி வர்றனுங்க."

வந்தார். பின்சீட்டில் தலை முதல் முழங்கால் வரை போர்வையால் மூடிக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் இடுக்கு விட்டு உட்கார்ந்தார். குழந்தை போர்வையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சிரித்தது. பக்கத்து லேனில் பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் இல்லை, இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டு வாசலில் போர்வையை விலக்கியபோது வேர்வையில் குளித்திருந்தார். "இன்னும் எரநூறு கொறஞ்சிருக்குங்க. யாருமே இல்லாட்டியும் நீங்க இப்படித்தானுங்க ஓட்டுவீங்க."

பாவமாக இருந்தது. "நான் வேணா கொஞ்சம் வேகமா ஓட்டப் பழகிக்கட்டுமா சார்?"

"அதெப்படிங்க? ஆளுக்குத்தான் கேமு. கேமுக்கா ஆளு?"

இருப்பதிலேயே சாதுவான கேமை வாங்கி வந்து போட்டார். பெரிய கேம் பட்டு வேட்டியோடு மறுபடி கட்டிலுக்கடிக்குப் போனது.

புது எஞ்சினோடு முதல் நாள், நட்டநடு மதியம், நீளமான சிக்னல். ஏசி ஜில்லென்று வந்தது. எஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. பின்னால் அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"சத்தமே இல்லீங்க" என்றார் துக்கமாக. பிறகு தூங்கிப்போயிருந்த குழந்தையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நல்லதாப் போச்சுங்க."

இப்போது அவர் குவைத்தில், அப்பாசியாவில் இருக்கிறார். பயப்படாதே என்று எனக்குச் சொன்னவர்கள் நிறையப் பேர். என் பயத்தையும் கணக்கில் சேர்த்து, அதற்கேற்றபடி ஓர் எஞ்சினைக் கட்டித் தந்தவர் அவர் ஒருவர்தான்.