வருடப்பிறப்பன்று சூட்கேசுடன் ஓடிய மருமகன்

அடுத்த நாட்டார் நம்பிக்கைகளைப் படித்துச் சிரிப்பதில் ஒரு ஆபத்தும் இல்லை. அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்து நம் ஊர் வேலியோர ஒழுங்கையில் செய்து பார்ப்பதுதான் ஆபத்து. இதை நான் எந்த மேடையிலும் துணிந்து சொல்வேன்.

நான் புவியியல் ஆசிரியர். உலகப்படத்தில் எந்த நாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவேன். (நேரில் தொட்டது ஒன்றுமில்லை. விமான நிலையத்துக்குப் போனதெல்லாம் யாரையாவது வழியனுப்பத்தான்.) கலியாணம் முடித்துக் கிளிநொச்சியில் மனைவி வீட்டில் குடியேறிய பின் வந்த முதல் சித்திரை வருடப்பிறப்பு அது. மாமா வயல் செய்யும் கமக்காரர், அதிகம் பேசமாட்டார். மாமி அவருக்கும் சேர்த்துப் பேசுவார். இப்படிப்பட்ட வீட்டில் புது மருமகன் தன் அறிவைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது?

முதல் நாள் பின்னேரம் குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வெளிநாட்டு வருடப்பிறப்பு வழக்கங்கள் என்று போனில் படித்ததையெல்லாம் மாமிக்கு எடுத்துச் சொன்னேன். ஸ்பெயின்காரர் மணி அடிக்க அடிக்கத் திராட்சைப்பழம் விழுங்குவார்கள். பிரேசிலில் கடலில் இறங்கி அலை தாண்டுவார்கள். டென்மார்க்கில் வேண்டியவர்கள் வீட்டு வாசலில் பீங்கானை எறிந்து உடைப்பார்கள். மாமி அலுமாரியில் அடுக்கியிருந்த தன் பீங்கான்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அங்கை பொலிஸ் இல்லையோ தம்பி?"

நாங்களும் தலையில் ஓர் இலை, காலில் ஓர் இலை வைத்து, மூலிகை அவித்த மருத்துநீர் தேய்த்து முழுகுகிறோம்தானே என்று மடக்கினேன். அது பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது கொலம்பியாக்காரரின் வழக்கம். வெறும் சூட்கேசை எடுத்துக்கொண்டு அயலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அந்த வருடம் பயணம் நிச்சயமாம். மனைவி தர்சினியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "செய்யுங்கோவன்" என்றாள். அவள் அதைப் பகிடி என்று நினைத்திருக்கிறாள். நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் மருத்துநீர் வைத்து முழுகும் புண்ணியகாலம் காலையில் வந்தது. நான் முந்தி முழுகிப் புது வேட்டி கட்டினேன். தர்சினி தலையில் மருத்துநீரோடு கிணற்றடிக்குப் போனாள். மாமி முற்றத்தில் பொங்கல் பானைக்கு நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். மாமா கோயிலில். கனடாவிலிருந்து வந்த மச்சாள் விட்டுவிட்டுப் போன பெரிய சிவப்புச் சூட்கேசை இழுத்துக்கொண்டு கேற்றைத் திறந்தேன்.

கிரவல் ஒழுங்கையில் அதன் சில்லுகள் போட்ட சத்தம் உழவு இயந்திரத்தையே வெட்கப்படுத்தும். முன்வீட்டுப் பரமேஸ் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எங்கை தம்பி, நல்ல நாளும் அதுவுமா?"

நின்று விளக்கினால் பலன் குறைந்துவிடுமோ என்று ஓடிக்கொண்டே, "கொலம்பியாவில இப்பிடித்தான் அண்ணை" என்றேன்.

சில்லுச் சத்தத்தில் அவருக்குக் கேட்டது கொழும்பு. அவர் அடுத்த வளவுக்குச் சொன்னபோது அது, மருமகன் கொழும்புக்குப் போகிறாராம் என்றானது. அதற்கடுத்த வளவில் 'கோபித்துக்கொண்டு' சேர்ந்தது. நான் சந்தியை அடைவதற்குள் எனக்குக் கொழும்பில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. (பிற்பாடு அறிந்தது: பிள்ளையும் உண்டாம்.)

எனக்கு இதொன்றும் தெரியாது. வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். உலக அறிவுக்கு ஊர் தரும் வரவேற்பு என்று நினைத்து எல்லோருக்கும் கையசைத்தேன். சந்திக் கடைக்காரர் குறுக்கே வந்து சூட்கேசைப் பிடித்துக்கொண்டார். குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும், பெட்டியை விடுங்கள், பேசித் தீர்ப்போம் என்றார். சுற்று முடியும்வரை பெட்டியை விடக்கூடாது என்று நான் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. பறித்துக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது கேற்றடியில் கூட்டம். மாமி அகப்பையோடு நின்று அழுதார். செய்தி கேட்டுக் கோயிலிலிருந்து ஓடிவந்த மாமா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். தர்சினி ஈரத்தலையோடு துவாயால் முகத்தைப் பொத்திக் குலுங்கினாள். அது சிரிப்பு என்று எனக்கு மட்டுமே தெரியும். ஊருக்கு அது அழுகை.

மாமா, அதுவரை நான் கேட்டிராத அளவு நீளமாகப் பேசினார். "தம்பி, நாங்கள் ஏதும் குறை விட்டிருந்தால் சொல்லுங்கோ. நல்ல நாளில பிள்ளையை விட்டிட்டுப் போகாதேங்கோ."

என் புவியியல் முழுவதும் அந்த இடத்தில் கரைந்துபோனது. நான் எங்கும் போகவில்லை, இது வெறும் பெட்டி என்று சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் சூட்கேசைத் திறந்து காட்டினேன்.

பரமேஸ் அண்ணை உள்ளே எட்டிப் பார்த்தார். "பாருங்கோ, மாத்து உடுப்புக்கூட எடுக்கேல்லை. அவ்வளவு கோவம்."

மாமியின் அழுகை இன்னொரு படி ஏறியது. அதே நேரம் பூவரசங்குளத்திலிருந்து என் அம்மா போன் எடுத்தார். செய்தி என்னைவிட வேகமாக ஓடியிருக்கிறது. தான் வாடகைக்கு ஒரு வான் பிடித்து வெளிக்கிட்டுவிட்டதாகவும், வந்து சேரும்வரை தர்சினிப் பிள்ளையின் முகத்தில் முழிக்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வைத்தார்.

ஒருவழியாகத் தர்சினி துவாயை இறக்கினாள். "அப்பா, இவர் எங்கையும் போகேல்லை. இது வேறை நாட்டுச் சடங்கு. எனக்கு நேற்றே சொன்னவர்." முடிப்பதற்குள் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அது முதலில் மாமாவுக்குத் தொற்றியது. அவருக்கு இத்தனை பல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு ஒழுங்கை முழுவதும் சிரித்தது. பொங்கல் அடிப்பிடித்த மணம் வந்தபிறகே மாமி அகப்பையின் நினைவு வந்து ஓடினார்.

வாடகை வானில் வந்திறங்கிய அம்மா காரணத்தைக் கேட்டார். கொழும்பில் குடும்பம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தார். கருகிய பொங்கலை இரண்டு வீட்டாரும் சேர்ந்து சாப்பிட்டோம். வெளிநாட்டுப் பயணம் அந்த வருடமும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

போன வருடம் எனக்கும் தர்சினிக்கும் உண்மையாகவே சண்டை. (காரணம் எதற்கு? பிழை அவளுடையது.) உடுப்புகளைப் பையில் திணித்துக்கொண்டு, இனித் திரும்புவதில்லை என்ற முடிவோடு வெளிக்கிட்டேன். பரமேஸ் அண்ணை மண்வெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

"கொலம்பியாவுக்கோ தம்பி? வரேக்கை ஒரு பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ."

சந்திவரை நடந்தேன். ஒருவரும் மறிக்கவில்லை. பேக்கரியில் பாணை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.