பெண் பார்க்கப் போன மடக்குக் கத்தி

ஆண்களுக்கு ஒரு வயது வரும். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு சாமான் கையில் இல்லாததால்தான் உலகம் நம்மை மதிக்க மாட்டேன் என்கிறது என்று நம்புகிற வயது. சிலருக்கு அந்தச் சாமான் மோட்டார் சைக்கிள். சிலருக்குக் கறுப்புக் கண்ணாடி. எனக்கு அது மடக்குக் கத்தி. (சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை.)

இந்த ஆசை ஒரு பஸ்ஸில் பிறந்தது. அப்போது நாவுலையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்தேன். வீடு மாத்தளை டவுனில். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது, ரோட்டில் கிடந்த நைலோன் கயிறு பஸ்ஸின் பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. ட்ரைவர் இறங்கிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கமாக வந்து, "பிஹியக் தியனவத?" என்று கேட்டார். கத்தி இருக்கிறதா என்று எங்கள் எல்லோரையும்தான் கேட்டார். பஸ் நிறையப் படித்த ஆட்கள். ஆளாளுக்கு மற்றவர் முகத்தைப் பார்த்தோம். கடைசியில் பின் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மடக்குக் கத்தியை எடுத்து நீட்டினார். கயிறு அறுந்தது, பஸ் கிளம்பியது. ட்ரைவர் அந்த மனிதரை முன்னுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதைத்துக்கொண்டே வந்தார். நான் மாத்தளை வரை நின்றுகொண்டே வந்தேன். என் பையில் இருந்தது ஒரு சீப்பு.

அன்றே முடிவெடுத்துவிட்டேன். இனி என் பையிலும் ஒரு கத்தி இருக்கும்.

நான் ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். (அம்மா இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார். இங்கே எழுத முடியாது.) கத்தி பற்றிய வீடியோக்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் ஒற்றைக் கட்டைவிரலால் 'சடக்' என்று கத்தியை விரித்துக் கடதாசியைக் காற்றிலேயே சீவித் தள்ளினார்கள். எந்த உருக்கு துருப்பிடிக்காது, எந்தப் பூட்டு வழுக்காது, பையில் கொளுவுகிற கிளிப் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அவர்கள் காட்டிய கத்தியை வாங்கினால் அதை வைத்துக்கொள்ளச் சட்டை வாங்க முடியாது. ஆகவே என் தகுதிக்கு நானே சில விதிகள் வகுத்தேன். அலகு என் நடுவிரலைவிட நீளக்கூடாது. பொலிஸ்காரர் பார்த்தாலும் மாங்காய் வெட்டுகிறவன் என்றே நினைக்க வேண்டும். சட்டைப் பை தொங்கக்கூடாது. விரித்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். விலை, சம்பள நாளுக்கு முன்பே வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்த விதிகளோடு டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். கடைக்கார நானா என் கோரிக்கை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"எதுக்கு வாப்பா இது? என்ன வெட்டப் போறீங்க?"

"எல்லாம் வெட்டணும் நானா. எப்பவும் பையில இருக்கணும்."

"எல்லாம்னு சொன்னா..." என்று யோசித்து, மரப் பிடி போட்ட ஒரு சாதாரணக் கத்தியை எடுத்து வைத்தார். ஒரு முனையில் மடக்கு அலகு, மறுமுனையில் சின்னப் பித்தளை நாக்கு. "இது செடிக்கு ஒட்டுக் கட்டுற கத்தி. அந்த நாக்கு பட்டைய வெலக்குறதுக்கு. வெவசாயக் கந்தோர் ஆளுங்க இதத்தான் வாங்குவாங்க. போன மாசம்கூட ஒரு மிஸ் வந்து எடுத்துட்டுப் போனாங்க. வெலையும் கொறவு, வருஷக் கணக்கா ஒழைக்கும்."

நான் அதைக் கையால்கூடத் தொடவில்லை. அதற்குக் கிளிப் இல்லை, பூட்டு இல்லை, 'சடக்' இல்லை. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பாக ஒன்று படுத்திருந்தது. அதுதான் நான் என்று தோன்றியது, அதையே வாங்கினேன்.

"அது பாக்கத்தான் வாப்பா நல்லாருக்கும்," என்றார் நானா. "பூட்டுத் தகடு மெல்லிசு. வீசித் தொறக்காதீங்க, மெதுவாத் தொறங்க."

"தெரியும் நானா, வீடியோவுல பாத்திருக்கேன்," என்றேன்.

அதன் பிறகு என் வாழ்க்கையில் வெட்டுவதற்கு ஒன்றுமே வரவில்லை. பஸ் சக்கரங்கள் ஒழுங்காகச் சுற்றின. கந்தோரில் வருகிற கடித உறைகளையெல்லாம் நானே வாங்கிப் பிரித்தேன். பக்கத்து மேசைக்காரருக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்தேன், அவர் கேட்கவில்லை. ஆனால் நான் சளைக்கவில்லை. சந்தர்ப்பம் வரும், வந்தே தீரும் என்று தினமும் காலையில் கத்தியைப் பைக்குள் கொளுவினேன்.

இதற்கிடையில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த இடங்களெல்லாம் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப்போய், அம்மா சோர்ந்துபோயிருந்தார். அப்போதுதான் பலாபத்வலையிலிருந்து ஒரு படம் வந்தது. பெயர் மேகலா. பல்லேகம பக்கம் விவசாயப் போதனாசிரியர். படத்தில் ஒரு மாங்கன்றின் பக்கத்தில் சேற்றுக் காலோடு நின்று, படம் எடுத்தவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க அனுப்புகிற படத்தில் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைப் பார்த்த நிமிஷமே எனக்கு இந்த இடம் வேண்டும் என்றாகிவிட்டது. வேறெந்த இடம் தட்டிப்போனபோதும் நான் கவலைப்பட்டதில்லை. இது தட்டிப்போனால் தாங்காது.

நான், அம்மா, அம்மாவின் தம்பி துரை மாமா மூவரும் ஓட்டோவில் கிளம்பினோம். மடியில் கேக் பெட்டி. வழியில் குலுங்கித் திறந்துவிடுமென்று அம்மா அதை நூல் கயிற்றால் கட்டியிருந்தார். அம்மா கட்டினால் அது கட்டு. பலாபத்வலையை நெருங்கும்போது என் சட்டைப் பையில் மின்னிய கிளிப் அம்மாவின் கண்ணில் பட்டது.

"என்னடா இது, சதீஸ்?"

"கத்திம்மா."

"ஐயோ! நல்ல காரியத்துக்குப் போறப்ப யாராச்சும் கத்தியத் தூக்கிட்டுப் போவாங்களா? வெளிய எடுத்த, அப்புறம் இருக்கு ஒனக்கு."

எடுக்கவே மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மேகலாவின் அப்பா தோட்ட ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்து கலந்து கொடுத்த பழக்கத்தில், பேச்சும் அளந்துதான் வரும். எங்களை உட்காரவைத்தது ஒரு புத்தம்புது ரெக்ஸின் சோபாவில். கடையின் வாசம்கூடப் போகவில்லை. நாங்கள் வருகிறோம் என்றே வாங்கியது என்று பிறகு தெரிந்தது. முன்னால் சின்ன மேசை. அதில் வெற்றிலைத் தட்டு, பூ, பழம், அம்மா கொடுத்த கேக் பெட்டி.

மேகலாவின் அம்மா பெட்டியைப் பிரிக்கப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. நகத்தால் கிள்ளினார், பல்லால் கடிக்கலாமா என்று யோசித்தார், பிறகு, "இருங்க, கத்தி எடுத்துட்டு வாறேன்," என்று எழுந்தார்.

கத்தி! இத்தனை நாள் காத்திருந்த சொல், அதுவும் மாமியாராகப் போகிறவர் வாயிலிருந்து. அடித்த சத்தியம் காற்றில் போனது. "நீங்க இருங்க ஆன்ட்டி," என்று எழுந்து, வீடியோவில் பார்த்தது போலவே மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினேன்.

சடக்!

எல்லோரும் ஓர் அங்குலம் பின்னுக்குப் போனார்கள். கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது. "நல்ல கூரு," என்றார் டிஸ்பென்சர் ஐயா. அந்த ஒரு நொடி நான் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கத்தியை மூடப் பார்த்தேன். மூடவில்லை.

பூட்டுத் தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கினேன். அசையவில்லை. சிரித்துக்கொண்டே அமுக்கினேன். சிரிக்காமல் அமுக்கினேன். நான் வீசிய வீச்சில் தகடு அளவுக்கு மீறி உள்ளே போய் இறுகிவிட்டது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, வரவேற்பறை நடுவில், விரித்த கத்தியோடு நிற்கிறேன்.

சரி, வைத்துவிடலாம் என்று வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அம்மாவுக்கு இருமல் வந்தது. (அந்த இருமலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.) கையை எடுத்துவிட்டேன். பழத்தட்டுப் பக்கம் போனேன், மறுபடி இருமல். மாமாவிடம் நீட்டினேன்.

"கைல குடுக்காதடா! சண்டை வரும்! கீழ வை, நான் எடுத்துக்குறேன்!" என்று மாமா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நல்ல காரியம் பேசும் இடத்தில் அதை மீறலாமா? கீழே என்றால் தரைதான் மிச்சம். குனிந்தேன். ஒரு முழங்காலை ஊன்றி, கத்தியைத் தரைக்குக் கொண்டுபோகிற அந்த நேரம் பார்த்துத்தான் தேத்தண்ணித் தட்டோடு மேகலா உள்ளே வந்தார்.

வந்தவர் கண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவன், உருவிய கத்தியோடு, அவர் காலடியில் மண்டியிட்டிருக்கிறான்.

"எந்திரிடா!" என்று அம்மா பல்லுக்குள்ளே சொன்னார்.

துள்ளி எழுந்து, கத்திக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். டிஸ்பென்சர் ஐயா ஒன்றும் நடக்காதது போல, "உக்காருங்க தம்பி," என்றார். பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் இல்லையா? உட்கார்ந்தேன்.

சர்ர்ர்ர்.

சோபாவிலிருந்து கையை உருவியபோது கூடவே கொஞ்சம் பஞ்சும் வந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். டிஸ்பென்சர் ஐயா மூக்குக் கண்ணாடியை மாட்டி, குனிந்து, சோபாவின் காயத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார்.

"பெரிய ஆழம் இல்ல," என்றார். "நாலு தையல் போட்டாச் சரி."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அழுகைகூட வந்தது. மாங்கன்றுப் படம் கண் முன்னால் வந்து நின்றது. அந்தச் சிரிப்பைப் பக்கத்திலிருந்து பார்க்காமலே போகப் போகிறேன், அதுவும் ஒரு கத்தியால்!

மேகலா தட்டை மேசையில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினார். "காட்டுங்க பாப்போம்."

"கைல வாங்காதம்மா!" என்று அம்மா முந்தானைக்குள்ளிருந்து அலறினார். "கீழ வைக்கச் சொல்லு!"

"பரவால்ல ஆன்ட்டி, வேலையில நாள் பூரா கைக்குக் கைதான் வாங்குறோம்," என்று சொல்லி என் கையிலிருந்து வாங்கியேவிட்டார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய்த் தன் வேலைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். மரப் பிடி, ஒரு முனையில் பித்தளை நாக்கு. அந்த நாக்கைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். டக். என் கத்தி சாதுவாக மடங்கிக்கொண்டது.

"எங்க வாங்கினீங்க இத?"

கடையைச் சொன்னேன்.

"நானும் அங்கதான் வாங்கினேன். நானா ஒங்களுக்கு இந்த ஒட்டுக் கத்தியக் காட்டலயா?"

"காட்டினாரு."

"அப்ப ஏன் எடுக்கல?"

எல்லாம் போன பிறகு பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? "அது வீசினா சத்தம் வராது," என்றேன்.

மேகலா சிரித்தார். படத்தில் இருந்த அதே சிரிப்பு.

திரும்பி வரும் வழியில் ஓட்டோவிலேயே, இந்த இடமும் போனது என்று அம்மா அடுத்த தரகரைத் தேடத் தொடங்கினார். நான் சம்மதிக்கவில்லை. பதில் வரட்டும், வராவிட்டால் நானே போய்க் கேட்கிறேன் என்று பிடிவாதமாக நின்றேன். அதற்கு அவசியம் வரவில்லை. அந்த வாரமே டிஸ்பென்சர் ஐயா போன் பண்ணினார். "மகளுக்குச் சம்மதம். அடுத்த முறை வாறப்ப அந்தச் சாமான வீட்ல வச்சிட்டு வரச் சொன்னா," என்றார். அளந்த பேச்சு.

கல்யாணம் முடிந்து, எங்கள் வீட்டில் வந்து இறங்கிய சீர் சாமான்களில் அந்தச் சோபாவும் இருந்தது. கறுப்பு நூலால் நெருக்கமாக, அழகாகத் தையல் போட்டிருந்தது. "மாப்பிள்ளைக்குப் பழகின சோபா, அங்கேயே இருக்கட்டும்," என்று மாமனார் சொல்லியனுப்பியிருந்தார். இன்றைக்கும் யார் வந்தாலும் மேகலா அதில் உட்காரவைத்து, அந்தத் தையலைத் தொட்டுக்காட்டித்தான் பேச்சையே தொடங்குவாள். எங்களுக்குள் சண்டை வந்தால் அம்மா யார் பக்கம் நியாயம் என்று விசாரிப்பதில்லை. குசினி அடுப்படியிலிருந்து ஒரு குரல் மட்டும் வரும்: "அன்னைக்கே சொன்னேன், கீழ வைன்னு!"

போன மாதம் நான், மேகலா, அம்மா மூவரும் நாவுலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் பஸ் நின்றது. தார்ப்பாய்க் கயிறு ஒன்று சக்கரத்தில் சிக்கியிருந்தது. ட்ரைவர் ஜன்னல் பக்கம் வந்து, "பிஹியக் தியனவத?" என்றார்.

இத்தனை வருஷம் இந்த ஒரு கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! சட்டைப் பைக்குள் கையை விட்டு, கறுப்புக் கத்தியைப் பிடித்து, இந்த முறை வீசாமல் மெதுவாக விரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மேகலா என்னைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே ஒட்டுக் கத்தியை நீட்டிவிட்டாள்.

ட்ரைவர் கையை நீட்டினார். பின் சீட்டிலிருந்து அம்மா எழுந்து நின்று, பஸ்ஸே அதிரும்படி கத்தினார்: "கைல குடுக்காத! கீழ வை!"

ட்ரைவருக்குத் தமிழ் தெரியாது. நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, அம்மா என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கத் தொடங்கினேன். சோபாவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.