கிணற்றடிச் சேரின் வாழை

கடன் கேட்டு வந்தவனின் முகத்தையும் பார்க்காமல், காகிதத்தையும் பார்க்காமல், அவன் வீட்டுக் கழிவுத் தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்துக் கடன் கொடுத்த வங்கி அதிகாரி ஈரேழு உலகத்திலும் ஒருவர்தான். அவர் எங்கள் கிணற்றடிச் சேர்.

போர் முடிந்து, சனங்கள் முசலிப் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. மன்னாரில் ஒரு பிராந்திய அபிவிருத்தி வங்கியின் கிளையில் நான் புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞன். சேர் வெளிக்கள அதிகாரி. அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும், சம்பளப் பட்டியலில் என்னவோ போட்டிருந்தது. ஆனால் வாசற்காவலாளி முதல் முகாமையாளர் வரை எல்லோருக்கும் அவர் கிணற்றடிச் சேர்தான்.

வங்கி கேட்டது காணி உறுதிப் பத்திரமும், பிணை நிற்க இரண்டு அரசாங்க உத்தியோகத்தரும். திரும்பி வந்த சனத்திடம் இருந்தது நாலு தகரமும் ஒரு தறப்பாளும். உறுதி எரிந்திருக்கும், அல்லது எந்தக் கடலிலாவது நனைந்திருக்கும். இவர்களில் யாரை நம்புவது என்று மற்ற அதிகாரிகள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது சேர் தனக்கென்று ஒரு பொருளாதாரம் வைத்திருந்தார். வீட்டுக்காரர் கதிரை போட்டு "வாங்கோ, இருங்கோ" என்றால் இருக்க மாட்டார். நேரே பின்வளவுக்குப் போவார். கிணற்றடியில் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் ஒரு வாழையோ கத்தரியோ மிளகாயோ நட்டிருக்கிறதா என்று பார்ப்பார். நட்டிருந்தால் அதைப் பிடித்து மெதுவாக ஒரு இழுப்பு இழுப்பார். செடி வராவிட்டால் கடன் வரும்.

"தம்பி, நடுறவன் நிக்க வந்தவன். நடாதவன் அடுத்த பஸ்ஸுக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறான்" என்பார். இதை அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கிணற்றடி என்றால் குளிக்கிற இடம். வங்காலைப் பக்கம் ஒரு வீட்டில் குளித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வாளியோடு துரத்த, சேர் தன் கோப்பைத் தலையில் பிடித்தபடி வேலி பாய்ந்தார். அடுத்த நாளே ஒரு பழைய சைக்கிள் மணியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் கிணிங் கிணிங் என்று அடித்துக்கொண்டுதான் பின்வளவுக்குப் போவார்.

அந்த மணியால் ஒருநாள் எங்கள் உயிரே போயிருக்கும். சோதனைச்சாவடியில் சிப்பாய் அவர் சட்டைப்பையைத் தடவினான். கையில் இரும்பாய் ஏதோ தட்டுப்பட்டதும் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். "மேக மொகக்த?", இது என்ன என்று சிங்களத்தில் கத்தினான். சேர் இரண்டு விரலால் மணியை வெளியே எடுத்து, அவன் முகத்துக்கு நேரே கிணிங் என்று அடித்தார். சிப்பாய் கொஞ்ச நேரம் மணியைப் பார்த்தான், பிறகு சேரைப் பார்த்தான். பிறகு தானும் வாங்கி ஒருதரம் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அவரிடமும் ஒரு வாழை இருந்தது. மன்னார்த் தீவு மணலில், உப்புத் தண்ணீரில், வாழை வளர்ப்பது ஆகிற காரியமில்லை. சேர் மாற்றலாகி வந்த அன்றே வங்கி விடுதியின் கிணற்றடியில் ஒன்றை நட்டாராம். பெருநிலப் பக்கம் போகும்போதெல்லாம் உரப்பையில் செம்மண் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து அதற்குப் போடுவார். மன்னார்க் கழுதைகளைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊர்த் தெருவெல்லாம் அவற்றின் ஆட்சி. அவற்றுக்குப் பயந்து வாழையைச் சுற்றி முட்கம்பி அடித்திருந்தார். அப்படியும் விடிய எழும்பி நாலுதரம் எட்டிப்பார்ப்பார். இத்தனை பாடுபட்டும் அது இடுப்பளவுக்கு மேல் வளரவில்லை, அடியில் ஒரு குட்டிக் கன்றுகூட வைக்கவில்லை.

சேரின் பொருளாதாரம் மெல்ல ஊருக்குத் தெரியவந்தது. முசலியில் ஒரு கிராமத்துக்கு நாங்கள் போனபோது வீட்டுக்கு வீடு, வேலிக்கு வேலி வாழை நின்றது. முதல்நாள் இரவோடிரவாக எங்கேயோ வெட்டிவந்து குத்தி வைத்திருந்தார்கள். கலியாண வீட்டு வாசலில் கட்டுகிற மாதிரிக் குலையோடுகூட ஒன்று நின்றது.

"ஆருக்குக் கலியாணம்?" என்று சேர் கேட்டார்.

சேர் ஒரு வாழையைப் பிடித்தார், அது அப்படியே கையோடு வந்தது. அடுத்த வளவிலும் வந்தது. மூன்றாவது வளவில் ஒரு கிழவர் வாழையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இழுக்காதேங்கோ சேர், வந்திடும்" என்றார் உண்மையாகவே.

சேர் சிரிக்கவில்லை. "ஒரு மாதத்தில வாறன். அப்பவும் இழுப்பன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஒரு மாதத்தில் போனபோது உண்மையான வாழை, கத்தரி, பயற்றங்கொடி எல்லாம் நின்றன. முழு ஊருக்கும் கடன் கிடைத்தது. அடுத்த மாரிக்கு அந்த ஊர்க் கத்தரிக்காய் மன்னார்ச் சந்தைக்கு வந்தது.

வந்த வினை என்னவென்றால், சேர் கொடுத்த கடன் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தது. "இதென்ன வங்கியோ, விவசாயக் கந்தோரோ?" என்று முன்பு ஏசிய பிராந்திய முகாமையாளருக்கு இப்போது ஞானம் பிறந்தது. நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். பெரியவர் ஒரு புதுப் படிவம் அடித்து எல்லாக் கிளைக்கும் அனுப்பினார். அதில் ஏழாவது கேள்வி: பின்வளவில் செடி உண்டா, இல்லையா? இல்லை என்றால் கடன் இல்லை. கிளையில் எல்லோரும் சேருக்குக் கை கொடுத்தார்கள். சேர் மட்டும் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பரமேஸ்வரி விண்ணப்பித்தார். இந்தியாவில் அகதி முகாமில் பதினெட்டு வருஷம் இருந்து, புருஷனோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் முசலியில் தன் பழைய ஊருக்குத் திரும்பியவர். அவருக்கு மா அரைக்கிற மெஷின் ஒன்று வேண்டும். ஊரில் மில் இல்லை. ஒரு கொத்து அரிசி இடிக்க முடியாத கிழடுகளும் பஸ்ஸேறிச் சிலாவத்துறைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். மீள்குடியேற்றக் கடன்திட்டமோ அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கடைசி விண்ணப்பங்களைப் பார்க்கப் பெரியவரே வியாழக்கிழமை வருகிறார். வெள்ளி தப்பினால் பரமேஸ்வரிக்கு மெஷினும் இல்லை, ஊருக்கு மில்லும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சேரும் நானும் போனோம். சேர் மணி அடித்தார்.

"அம்மா, யாரோ மணி அடிச்சிட்டு வந்திருக்காங்க!" என்று மூத்த பெண் முகாமில் பழகிய பேச்சில் கத்தினாள்.

சேர் பின்வளவுக்குப் போனார். கிணற்றடி துடைத்துவிட்டது போல் இருந்தது. ஒரு புல்கூட இல்லை.

"ஏன் பிள்ளை, ஒண்டும் நடேல்லையோ?"

"இல்லை சேர். நான் நடமாட்டன்."

"ஏன்?"

"மூண்டு தரம் நட்டனான். முதல் இஞ்சைதான், இந்தக் கிணத்தடியில கத்தரி. காய்க்க முந்தி ஓடினம். பிறகு மடுக் கோயிலடியில வெண்டி நட்டன், பூக்க முந்தி அங்கையிருந்தும் ஓடினம். பிறகு முகாமில ஒரு முருங்கை. அது இப்பவும் காய்க்குதாம் சேர், ஆரோ பறிக்கினம். இனி என்ர கையால ஒண்டும் நடன். எனக்குப் பிடுங்கேலாத சாமான் வேணும்."

சேர் திரும்பி விறுவிறு என்று நடந்தார். வீட்டின் முன் தாழ்வாரப் பத்தியில் ஈரச் சாக்குப் போட்டு எதையோ மூடியிருந்தார்கள். அதில் காலை இடித்துக்கொண்டு "ஐயோ" என்றார். "அதில மிதியாதேங்கோ!" என்று பரமேஸ்வரி பதறி ஓடிவந்தார். சேர் நொண்டி நொண்டிப் போய் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்.

"சேர், அந்த அக்கா சொன்னது சரிதானே?" என்றேன்.

"சரிதான். ஆனா சரி எண்டதுக்குப் படிவத்தில பெட்டி இல்லையே, தம்பி."

"அந்தக் கேள்வி உங்களால வந்ததுதானே சேர்!"

மன்னார்ப் பாலம் கடக்கும் வரை அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். பிறகு "ஓம்" என்றார்.

அடுத்த நாள் சேர் லீவு. காய்ச்சலோடு வந்து வேலைசெய்கிற மனிதர் லீவு போட்டது எங்கள் கிளையில் பெரிய செய்தி. வியாழன் காலை நான் விடுதிப் பக்கம் போனேன். கிணற்றடியில் முட்கம்பி அவிழ்ந்து கிடந்தது. வாழை நின்ற இடத்தில், வேரும் மண்ணுமாய் அள்ளிப்போன ஒரு பெரிய குழி. ஒரு கழுதை அதற்குள் தலையை விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெரியவர் பொய்யைப் பொறுக்க மாட்டார். பிடிபட்டால் சேரின் வேலையும் போகும், பரமேஸ்வரியின் கடனும் போகும்.

ஜீப்பில் பெரியவர் முன்னால், சேரும் நானும் பின்னால். சேரின் நகக்கண்ணில் செம்மண் இருந்தது. நான் கண்ணைக் காட்ட, அவர் கையைத் தொடைக்குக் கீழே ஒளித்துக்கொண்டார். வழி நெடுக மிதிவெடிப் பலகைகள். வெடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

பரமேஸ்வரி வீட்டில் இறங்கியதும் பெரியவர் நேரே கிணற்றடிக்குப் போனார். இடுப்பளவு வாழை ஒன்று நிமிர்ந்து நின்றது. அவர் முகம் மலர்ந்தது. குனிந்து, சேர் இழுப்பது போலவே ஒரு இழுப்பு இழுத்தார். வாழை அசையவில்லை. இன்னொருதரம் பலமாக இழுத்தார். அப்போதும் வரவில்லை. பேனையை எடுத்தார்.

"நல்லாய்ப் பிடிச்சிருக்கு. எப்ப நட்டனீங்கள், தங்கச்சி?"

பரமேஸ்வரி சேரைப் பார்த்தார். சேர் ஆகாயத்தைப் பார்த்தார். நான் ஊரிலுள்ள அந்தோனியார் முதல் பிள்ளையார் வரை எல்லோரையும் கூப்பிட்டேன்.

"நான் நடேல்லை சேர்" என்றார் பரமேஸ்வரி. "நேற்று இந்தச் சேர் வந்து நட்டவர். வேண்டாமெண்டு சொன்னனான், கேக்கேல்லை."

பெரியவர் மெதுவாகத் திரும்பினார். "உண்மையோ?"

"படிவத்தில செடி நிக்குதோ எண்டுதான் கேள்வி, சேர்" என்றார் கிணற்றடிச் சேர். "ஆர் நட்டது எண்டு கேள்வி இல்லை."

"ஊரெல்லாம் பொய் வாழையைப் பிடுங்கித் திரிஞ்ச ஆள் நீர்! நீரே..." பெரியவர் கோப்பைப் பட்டென்று மூடி, ஜீப்பை நோக்கி நடந்தார். சேர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த மனிதரை அப்படி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நட்டதுதான் பேச வேண்டும் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர், தான் நட்டதாலேயே ஒரு பெண்ணின் கடனைக் கெடுத்துவிட்டார்.

"சேர், போக முந்தி இதை ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ."

பரமேஸ்வரி முன் பத்தியில் நின்று ஈரச் சாக்கை இழுத்து விலக்கினார். கீழே புதுக் கொங்கிறீட் மேடை. அதில் நாலு மூலையிலும் நாலு போல்ட், மரைப் பக்கம் மேலே பார்க்க நிமிர்ந்து நின்றன. மெஷினை வைத்து நட்டுப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி.

"பிள்ளையளின்ர அப்பா மேசன். ஞாயிற்றுக்கிழமை போட்டவர். வீட்டுச் சுவருக்கெண்டு வைச்சிருந்த கடைசிச் சீமெந்து இது. கடன் வருமோ வராதோ தெரியாது, ஆனா நாங்கள் போறேல்லை எண்டு தெரியும். வாழையை இழுத்தியள்தானே? இதையும் இழுத்துப் பாருங்கோ."

பெரியவர் திரும்பி வந்தார். பிறகு காற்சட்டையை மேலே தூக்கிவிட்டு முழங்காலில் நின்று, ஒரு போல்ட்டைப் பிடித்து இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். அடுத்த மூலையில் எங்கள் சேரும் இருந்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர், செவ்வாய்க்கிழமை இடித்த அதே பெருவிரலில் இன்னும் கட்டு.

பெரியவர் அங்கேயே மேடையில் கோப்பை வைத்து எழுதினார். அந்தப் படிவத்தை நான்தான் கோப்பில் கோத்தேன், அதனால் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. ஏழாவது கேள்விக்கு நேரே: "நாலு உண்டு. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை." வெள்ளிக்கிழமை பணம் விடுவிக்கப்பட்டது. பெரியவர் சேருக்கும் ஒரு தண்டனை எழுதினார், மூன்று மாதத்தில் மலைநாட்டுக்கு மாற்றம்.

மெஷின் வந்தது. அரிசி கழுவுகிற தண்ணீர் ஓடி ஓடி அந்த வாழை பத்துக் குட்டி வைத்தது. பரமேஸ்வரி கடைசிவரை அதற்கென்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றவில்லை, ஆனால் முதற்குலையை வெட்டிக் கிளைக்கு அனுப்பினார். அப்போது சேர் மன்னாரில் இல்லை.

போகிற அன்று அவர் மணியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு எனக்கும் ஐந்து ஊருக்கு மாற்றம் வந்துவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் பெட்டியைத் திறப்பதற்கு முன் கிணற்றடியில் ஒரு வாழைக்குட்டி நடுகிறேன். நட்டுவிட்டு, யாரும் பார்க்காத நேரம் மணியை ஒருதரம் அடிக்கிறேன். எங்கே இருக்கிறீர்களோ தெரியாது சேர், ஒருநாள் வந்து இழுத்துப் பாருங்கோ.