பறக்கும் தட்டுக்குப் பட்டா கேட்கிறார்கள்

திருவிடைமருதூர் அஞ்சல்,
ஐப்பசி மாதம்.

கோடம்பாக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் என் தமக்கை மகன் சிரஞ்சீவி தியாகுவுக்கு, உன் தாய்மாமன் உலகநாதன் எழுதிக்கொள்வது. உனக்குத் தீர்க்காயுளும் தொழிலில் மேன்மையும் அருளும்படி மகாலிங்கசுவாமியை வேண்டிக்கொண்டேன். இவ்விடம் நானும் உன் அத்தை தையல்நாயகியும் சௌக்கியம். அப்படி எழுதாவிட்டால் உன் அம்மா எல்லையம்மாள் அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வந்துவிடுவாள் என்பதால் எழுதியிருக்கிறேன். உண்மை விவரம் கீழே.

நீ என் கிழக்குத் திடலில் விட்டுவிட்டுப் போன பறக்கும் தட்டை இந்த மாதம் முடிவதற்குள் லாரி கொண்டுவந்து எடுத்துப்போக வேண்டும். எடுக்காவிட்டால் என் திடல் போய்விடும். ஒரு தகரத் தட்டால் திடல் எப்படிப் போகும் என்று நீ கேட்பாய். உன் கதைகளைப் போல இல்லாமல் இதை நான் வரிசையாகச் சொல்கிறேன்.

நீ முதல் தடவை வந்தபோது எடுப்பது துப்பறியும் படம் என்றாய். பட்டணத்தில் நீ பார்த்த இங்கிலீஷ் படங்களையெல்லாம் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து கதை கதையாகச் சொன்னாய், ரசம் ஆறிப்போயிற்று. நம் பம்புசெட் கொட்டகையில் ஒரு பிணம் கிடக்க வேண்டும், கொன்றது யார் என்று கடைசி ரீல் வரை தெரியக் கூடாது என்றாய். பிணமாகக் கிடக்க யாரும் சம்மதிக்காததால் நானே கிடந்தேன். அரை நாள் கிடந்தேன், கட்டெறும்பு கடித்தும் அசையவில்லை. அந்தக் காட்சியை நீ வெட்டிவிட்டாய் என்பது உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்புறம் பணம் போடுகிறவர் மாறிவிட்டார், கொலைகாரன் வேறு கிரகத்திலிருந்து வந்தவனாகி, படம் விஞ்ஞானப் படம் ஆகிவிட்டது. அவரும் போய் மூன்றாமவர் வந்து, பெண்கள் கண் கலங்காத படம் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு வாரம் தாங்காது என்று சொன்னாராம், உடனே வேறு கிரகத்து ஆசாமியைக் கதாநாயகியின் காணாமற்போன அண்ணன் ஆக்கினாய். அது எப்படியப்பா என்று கேட்டேன். “உணர்ச்சி இருந்தா போதும் மாமா, எப்படின்னு யாரும் கேக்க மாட்டாங்க” என்றாய். நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது உனக்குக் கணக்கில்லை.

தட்டு செய்வதற்கு நாகூரிலிருந்து அப்துல் அஜீஸ் என்ற படகு கட்டுகிறவரைக் கூட்டிவந்தாய். அட்டையில் செய்தால் போதும் என்று நீ சொல்ல, அவர் மரச்சட்டம் போட்டுத் தகரம் வைத்து, இணைப்பு இணைப்பாகப் படகுக்கு அடைப்பது போலப் பஞ்சும் கீலும் வைத்து அடைத்தார். எதற்குப் பாய் இத்தனை வேலை, படம் முடிந்தால் பிரிக்கப்போகிற சாமான்தானே என்று நான் கேட்டேன். “டைரக்டர் தம்பி இது பறக்கணும்ங்குறாங்க. பறக்க வைக்கிறது என் கையில இல்லீங்க. ஒழுகாம வைக்கிறது என் கையில இருக்கு” என்றார். மூன்று காலில், ஒரு குடும்பம் உள்ளே படுக்கிற அகலத்தில், வட்ட சன்னல்களோடு அது எழுந்து நின்றபோது மாடுகள் இரண்டு நாள் அந்தப் பக்கம் மேயப் போகவில்லை.

அதிலிருந்து இறங்குவதற்கு வேறு கிரகத்து மனிதர்கள் தேவைப்பட்டார்கள். நீ என்னைக் கேட்காமல் என் பண்ணை ஆட்களைப் பிடித்தாய். வீரையனுக்கும் அவன் பெண்சாதி காத்தாயிக்கும் இன்னும் பத்துப் பேருக்கும் முகமெல்லாம் வெள்ளிப் பூச்சு. ஏணியில் இறங்கி நின்று, வானத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதற்கு நீ இரண்டு வேளைச் சாப்பாடும், குனிந்து நடவு நடுகிறவர்களுக்கு நான் கொடுப்பதைவிட மேலான கூலியும் கொடுத்தாய். நீ ஊருக்குப் போன மறுநாள் நடவுக்கு ஒருவரும் இறங்கவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு நம் ஊரில் வீரையன்தான் தலைவன் என்பது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. களத்துமேட்டில் வந்து நின்று நிதானமாகச் சொன்னான். “சும்மா நிக்கிறதுக்கே தம்பி அவ்வளவு குடுத்தாருங்க. சேத்துல நிக்கிறதுக்கு அதுல பாதிக்கும் கொறச்சலா வாங்கினா, பாக்குறவங்க எங்களப் பைத்தியம்பாங்க.” சினிமா வேறு, சாகுபடி வேறு என்று சொல்லிவைத்தேன். நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம். விவசாயக் கூலிகள் குடியிருக்கிற மனை இனி அவர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. நிலத்துக்கு உச்சவரம்பு போட்டார்கள், அதைத் தாங்கிக்கொண்டோம், இப்போது மனைக்கு வந்திருக்கிறார்கள். வீரையன் குடிசை நம் கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் கரையில், என் பட்டாவில் இருந்தது. நடவுக்கு வராதவனுக்கு மனை மட்டும் எதற்கு என்று எனக்குத் தோன்றிற்று. கீற்று மாற்றித் தருகிறேன் என்று ஆள் விட்டுக் கூரையைப் பிரித்தேன். பிரித்த பிறகு மாற்றவில்லை, கூரை இல்லாத இடத்தில் குடியிருப்பு ஏது. சட்டத்தில் இதற்குத் தடை இல்லை என்று வக்கீல் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் அத்தை அன்றைக்கு என்னோடு பேச்சை நிறுத்தினாள், சாப்பாடு மட்டும் தவறாமல் வந்தது.

மறுநாள் காலையில் வயலுக்குப் போகிறேன், திடலில் தட்டின் உச்சியிலிருந்து புகை வருகிறது. உன் படப்பிடிப்பில் அது கிளம்புவதற்கு முன்னால் புகை விட்டதே, அதே மாதிரி. கிளம்பிவிடுமோ என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கிட்டப் போனால் உள்ளே காத்தாயி அடுப்பு மூட்டியிருக்கிறாள். உச்சியில் நீ ஏரியல் என்று நட்டுவைத்த கம்பியில் வீரையன் சங்கத்துக் கொடியைக் கட்டியிருக்கிறான்.

“இங்க என்ன பண்றே?” என்றேன்.

“சோறு ஆக்குறேங்க.”

“இது சினிமாக்காரங்க சாமான்.”

“தம்பிதாங்க சொன்னாரு. ஏணியில ஏற எனக்குக் கூச்சமா இருந்துச்சு. ‘இது உன் வூடு, உன் வூட்டுல ஏறுறாப்புல ஏறு’ன்னாரு. அன்னையிலேருந்து கூச்சம் போயிடுச்சுங்க.”

நீ சொன்னாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சொல்லக்கூடியவன்தான்.

அவள் அதோடு நிற்காமல் மனைப்பட்டா கேட்டு மனுக் கொடுத்துவிட்டாள். விசாரிக்க எங்கள் பிர்காவின் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் துரைராசு சைக்கிளில் வந்தார். தட்டைச் சுற்றி ஒரு தடவை வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், தகரத்தைத் தட்டிப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லி, சினிமா டைரக்டர் என்றதும் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சினிமாவில் இருந்தவர்களெல்லாம் கோட்டைக்குப் போய்விட்ட காலம், நாளைக்கு நீ அவருக்கு மந்திரியாக வந்து நின்றால் என்ன செய்வது என்ற யோசனை அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆகையால் ஒரேயடியாக முடிவு சொல்லாமல் என்னை விசாரித்தார்.

“இது வீடுங்களா?”

“வீடு இல்ல சார். வாகனம்.”

“சக்கரம் எங்க?”

“சக்கரம் கிடையாது. இது பறக்கிறது.”

“பறக்குமா?”

“படத்துல பறக்கும்.”

“படம் என் பிர்காவுல இல்லீங்க. திடல்ல பறக்குமா, பறக்காதா? பறக்கும்னா வாகனம், எடுத்துட்டுப் போகச் சொல்லிடலாம். பறக்காதுன்னா கட்டடம், குடியிருக்கிறவங்க பேரை எழுதணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, எனக்கு இன்னும் ரெண்டு ஊரு பாக்கி.”

இடையில் காத்தாயி, “கதவு இருக்குங்க, அடுப்பு இருக்குங்க, போன மழைக்கு ஒரு சொட்டு ஒழுகலீங்க. பெரிய வூட்டுலதான் கூடத்துல மூணு எடத்துல ஒழுக்குக்கு ஏனம் வச்சிருக்காங்க” என்றாள். நம் வீட்டு ஓட்டுச் சமாச்சாரம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று திரும்பிப் பார்த்தேன். உன் அத்தை வரப்பில் நின்றுகொண்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நான் கையெழுத்துப் போட்டேன். மேற்படி திடலில் நிற்பது பறக்கக்கூடிய வாகனம் என்றும், அதன் சொந்தக்காரர் சென்னையிலிருந்து வந்து மாத முடிவுக்குள் எடுத்துச் செல்வார் என்றும் நான் வாக்குமூலம் கொடுத்ததாகத் தாலுகா ஆபீசில் இருக்கிறது. அதற்கு மேல் கெடு இல்லை, அப்புறம் அது கட்டடம். திருவிடைமருதூரில் டீக்கடைக்குப் போனால், “என்ன மிராசுதார், இன்னும் கிளம்பலியா?” என்கிறார்கள். என்னைக் கேட்கிறார்களா, தட்டைக் கேட்கிறார்களா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு வருகிறேன்.

ஆகவே தம்பி, வேறு எந்த வேலை இருந்தாலும் வைத்துவிட்டு லாரியோடு வா. வீரையனும் காத்தாயியும் எங்கே போவார்கள் என்று உன் அத்தை கேட்கிறாள். என்னிடம் நேராகக் கேட்கவில்லை, மாட்டிடம் கேட்கிறாள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். உனக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமையவும், உன் படம் நூறு நாள் ஓடவும் ஆசீர்வாதம். ஓடும்போது அந்தத் தட்டையும் கூடவே கொண்டு ஓடட்டும்.

இப்படிக்கு, என்றும் உன் நலம் கோரும் மாமா,
உலகநாதன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்து வைத்தேன், தபாலில் சேர்ப்பதற்குள் புயல் வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது காற்று பிடித்தது. கூடத்து ஓடு முதலில் போயிற்று, பிறகு கொல்லைச் சுவர். வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டு தண்ணீர் வாசற்படி ஏறிற்று. உன் அத்தைக்கு முழங்கால் வலி, அவளால் நடக்க முடியாது, என்னால் அவளைத் தூக்க முடியாது. ரேழியில் பெஞ்சின் மேல் அவளை ஏற்றி உட்கார வைத்துவிட்டு நான் தண்ணீரில் நின்றேன். பிணமாக நடித்தவனுக்கு நிஜமாகவே வேளை வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது வீரையன் வாழைமரத் தெப்பம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தான். “ஏறுங்கம்மா” என்று உன் அத்தையைப் பிடித்து ஏற்றினான். என்னை ஏறச் சொல்லவில்லை. நான் தெப்பத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். மார்பு வரைக்கும் தண்ணீர் வந்த இடத்தில் என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

மேடாக இருந்த கிழக்குத் திடல் ஒன்றுதான் மிச்சம். தட்டுக்குள் பண்ணை ஆட்களின் தெருவே இருந்தது. காற்று அடித்த அடிக்கு மூன்று கால்களும் முனகின, ஆனால் உள்ளே சொட்டு விழவில்லை, அஜீஸ் பாய் சொன்னது சரிதான். நம் வீட்டில் அவர்கள் கொல்லைப்புறம் தாண்டி வந்தது கிடையாது, அவர்கள் வீட்டு வாசலை நாங்கள் மிதித்ததும் கிடையாது. காத்தாயி கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினாள். எங்களிடம் வந்தபோது மட்டும் குவளையை நீட்டாமல் நின்றாள். உன் அத்தை கையை நீட்டி வாங்கிக் குடித்துவிட்டு, “உப்பு போதும்” என்றாள். காத்தாயி என்னைப் பார்த்தாள். நான் வட்ட சன்னல் வழியாக வெளியே பார்த்தேன், பார்ப்பதற்கு அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கும் பசித்தது. வாங்கிக் குடித்தேன். தண்ணீர் வடியும்வரை அங்கேதான் இருந்தோம்.

சேதம் எழுத வந்த துரைராசு, தட்டின் ஏணியில் நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, “அப்ப அந்த வாகன விஷயம் என்னங்க பண்றது?” என்றார். வாகனத்தில் யாரும் சோறு பொங்கிப் போடுவதில்லை, வீடு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். என் வாக்குமூலத்தை அடித்துவிட்டு அதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திடல் போனதில் வக்கீலுக்கு வருத்தம். உன் அத்தை என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறாள், பெரும்பாலும் பறந்துபோன கூடத்து ஓட்டைப் பற்றித்தான். நடவுக் கூலி விஷயமாக வீரையன் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறான், திடலுக்கு நான்தான் போக வேண்டும்.

ஆகவே லாரி அனுப்பாதே. கடைசிக் காட்சி இன்னும் பாக்கி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எடுப்பதானால் காத்தாயிக்கு எழுதிக் கேட்டுக்கொண்டு வா. நான் சொல்லி வைக்க முடியாது, அது அவர்கள் வீடு.