காலை இரண்டு வாளி, மாலை இரண்டு வாளி

போதைப்பொருளை ஒழித்தே தீருவது என்று மேலிடம் முடிவு செய்தபோது, ஒழிந்ததை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. அதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டு எட்டு மாதம் கூடியது. மீண்டு வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து அளக்கலாமே என்று ஓர் உறுப்பினர் சொல்லிப் பார்த்தார். மனிதர்களைத் தராசில் நிறுத்துவது கஷ்டம் என்று மற்றவர்கள் சுட்டிக்காட்டியதால் அந்த யோசனை கைவிடப்பட்டது. கடைசியில், கிலோதான் நேர்மையான அளவு என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஒவ்வொரு மண்டலமும் ஆண்டுக்கு இத்தனை கிலோ பிடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். போதைப்பொருள் ஒழிய ஒழிய அதிகமாகப் பிடிபடுவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கமுள்ள அந்த ஓர் உறுப்பினர் அதற்குள் வேறு குழுவுக்கு மாற்றப்பட்டிருந்தார்.

எங்கள் மண்டலத்துச் சிறப்புப் படைக்கு, விவசாய இலாகா காலி செய்துவிட்டுப் போன விதைக் கிடங்கு ஒதுக்கப்பட்டது. முன்பக்கம் படைத்தலைவரின் குளிரூட்டப்பட்ட அறை. நடுவில், சுவரெல்லாம் வரைபடம் மாட்டிய ஆலோசனைக் கூடம். பின்பக்கம், பிடித்த சரக்கை வைக்கும் பறிமுதல் அறை. அந்த அறையில் கேமரா பொருத்தினார்கள். இருட்டில் கேமராவுக்குக் கண் தெரியவில்லை. ஆகவே கூரையைப் பிரித்துவிட்டு வெயில் இறங்கும் கண்ணாடித் தகடு போட்டார்கள். இதெல்லாம் பின்னால் உதவியது.

படையில் மாறுவேடப் பிரிவு ஒன்றும் இருந்தது. எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி கறுப்பு பனியன், ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடி, தாடி வைத்துக்கொள்ளத் தனி அனுமதி ஆணை. பனியனின் முதுகில் படையின் பெயர் வெள்ளை எழுத்தில் அச்சாகியிருந்தது. மாறுவேடத்தில் போகும்போது ஒருவரையொருவர் அடையாளம் தெரிய வேண்டாமா என்பது படைத்தலைவரின் விளக்கம். எதிரில் டீக்கடை வைத்திருந்த அம்மாவுக்கு, விடியற்காலையில் எட்டு டீ என்றால் அன்றைக்கு ரெய்டு என்று தெரியும். லாரிக்காரர்களுக்கும் தெரியும். எட்டு டீ போன நாளில் அவர்கள் ஆற்றுப் பாலத்து வழியாகப் போய்விடுவார்கள்.

ஒரே ஒரு லாரிக்காரருக்கு மட்டும் இது தெரியவில்லை. ஊருக்குப் புதியவர். கொட்டும் மழையில் வழி கேட்பதற்காகப் படை அலுவலக வாசலிலேயே வண்டியை நிறுத்தினார். மாட்டுத்தீவனம் என்று சொல்லி ஏற்றிவிட்ட மூட்டைகளில் நாற்பத்தெட்டு கிலோ இருநூறு கிராம் கஞ்சா இருந்தது. மேஜை மேல் அடுக்கிப் படம் எடுத்தார்கள். படைத்தலைவர் நடுவில், பனியன்கள் இரு பக்கமும், லாரிக்காரர் கீழே உட்கார்ந்தபடி. பத்திரிகைகள் வேட்டை என்று எழுதின. லாரிக்காரர் சிறைக்குப் போனார். மூட்டைகள் பறிமுதல் அறைக்குப் போயின.

அந்த அறையின் பொறுப்பு ஓர் ஏட்டம்மாவிடம் இருந்தது. அறையின் ஒரே சாவியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்ததால் அவரை எல்லோரும் சாவி அக்கா என்றார்கள். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ். ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. வீட்டில் முழங்கால் போன கணவர் இருந்தார். பென்ஷன் வந்ததும் கணவரின் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று டாக்டரிடம் நாள்கூடப் பேசி வைத்திருந்தார்.

வழக்கு பதினான்கு முறை ஒத்திவைக்கப்பட்டு, சாவி அக்காவின் ஓய்வுக்கு ஏழே மாதம் பாக்கி இருந்த நிலையில், தலைமையகத்திலிருந்து தணிக்கை அதிகாரி வந்தார். மூட்டைகளை நிறுத்தார். முப்பத்தொன்பது கிலோ எழுநூறு.

"எட்டரை கிலோ எங்கம்மா?"

"காய்ஞ்சிடுச்சு சார். மழையில நனைஞ்சு வந்த சரக்கு."

"காய்ஞ்சது சரி. எங்க போச்சு?"

"எங்கயும் போகல சார். தண்ணிதானே, காத்தோட போயிடுச்சு."

"யார் கையெழுத்துல போச்சு?"

பதிவேட்டில் மூன்று கட்டங்கள் இருந்தன. வந்தது, கோர்ட்டுக்குப் போனது, திருடு போனது. காய்ந்தது என்று கட்டம் இல்லை. கட்டம் இல்லாத ஒன்று அரசாங்கத்தில் நடக்க முடியாது என்பதால், தணிக்கை அதிகாரி எட்டரை கிலோவை மூன்றாவது கட்டத்தில் எழுதினார். திருட்டு என்றால் திருடர் வேண்டும். சாவி ஒருவர் கழுத்தில்தான் இருந்தது. பதினைந்து நாளில் எடையைக் காட்டாவிட்டால் சஸ்பென்ஷன், பிறகு வழக்கு, பென்ஷன் நிறுத்தம் என்று மெமோ வந்தது. சாவி அக்கா அதை மூன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் சொல்லவில்லை.

தன் படையில் திருட்டு என்று வெளியே தெரிந்தால் பதக்கம் போய்விடுமே என்று படைத்தலைவர் கவலைப்பட்டார். அவசரக் கூட்டம் கூட்டினார். மூன்று மணி நேரம் யோசித்து அவர் கண்டுபிடித்தது எளிமையானது. சட்டம் என்ன சொல்கிறது? பிடித்தபோது இருந்த நிலையிலேயே சான்றுப் பொருளைப் பாதுகாக்கச் சொல்கிறது. பிடித்தபோது அது எப்படி இருந்தது? ஈரமாக இருந்தது. அதைக் காய விட்டதுதான் தவறு. அன்று மாலையே ஆணை பிறந்தது. "மேற்படி பொருளானது கைப்பற்றப்பட்ட தருணத்தில் நிலவிய ஈரப்பத நிலையிலேயே தொடர்ந்து பராமரிக்கப்படுதல் வேண்டும். இதன்பொருட்டுக் காலை இரண்டு வாளி, மாலை இரண்டு வாளி நீர் தெளிக்கப்படுதல் வேண்டும்." நகல் தலைமையகத்துக்கு, தணிக்கைக்கு, அரசு வக்கீலுக்கு. எல்லோரும் 'பார்த்தேன்' என்று கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

தண்ணீர் தெளித்தால் அழுகிவிடும் என்று சாவி அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். அழுகுமா என்று நான் கேட்கவில்லை, எடை வருமா என்றுதான் கேட்டேன் என்றார் படைத்தலைவர். எடை வந்தது. பதினைந்தாம் நாள் சரியாக நாற்பத்தெட்டு கிலோ இருநூறு. தணிக்கை அதிகாரி திருட்டை அடித்துவிட்டு, திருடு போனது திரும்பி வந்தது என்று எழுதிப் போனார்.

இதே நாட்களில்தான் டீக்கடை அம்மா மனுவோடு வர ஆரம்பித்தாள். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் மாத்திரை விற்கிறார்கள், பாலிடெக்னிக் பிள்ளைகள் வாங்கிப் போகிறார்கள், என் பெண்ணும் நாலு மாதமாகப் பகலெல்லாம் தூங்கி வழிகிறாள் என்று எழுதியிருந்தாள். படைத்தலைவர் மனுவை முழுதும் படித்தார். அவர் படிக்காமல் எதையும் திருப்பித் தருவதில்லை.

"எத்தனை கிலோ இருக்கும்?"

"மாத்திரை சார்."

"நூறு மாத்திரை பதினெட்டு கிராம். எட்டு ஆள், ரெண்டு வண்டி அனுப்பணும். பதினெட்டு கிராமைக் கொண்டுவந்து மேஜையில வச்சா போட்டோவுல தெரியுமாம்மா?"

அவள் மறு மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும் வந்தாள். பதினெட்டு கிராம் அப்படியேதான் இருந்தது.

எடை சரியானதும் தண்ணீரை நிறுத்தலாமா என்று சாவி அக்கா எழுதிக் கேட்டார். ஆணையில் முடிவு தேதி குறிப்பிடப்படவில்லை, ஆகவே தொடரவும் என்று பதில் வந்தது. தொடர்ந்தார். இலை அழுகி எருவானது. மேலே வெயில், உள்ளே எரு, வேளைக்குத் தண்ணீர். மூன்றாம் வாரம் மூட்டைகளின் தையலைப் பிளந்துகொண்டு பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. விவசாய இலாகா அந்தக் கட்டடத்தில் இருந்தவரை எந்த விதையும் முளைத்ததில்லை என்று பழைய வாட்ச்மேன் ஆச்சரியப்பட்டார்.

பிடுங்கி எறிய அனுமதி கேட்டார் சாவி அக்கா. அரசு வக்கீல் பதறிவிட்டார். அது நீதிமன்றச் சொத்து. பிடுங்கினால் சான்றை அழித்த குற்றம். தண்ணீர் ஊற்றாமல் வாட விட்டால் எடை குறைந்த குற்றம். எனவே வளர விடுவது மட்டுமே சட்டப்படி சரி. வளர்ந்தது. நாலு மாதத்தில் செடிகள் கேமராவை மறைத்தன. மாறுவேடப் பிரிவினர் மத்தியானம் அந்தப் பக்கம் போய் நிழலில் உட்கார்ந்தார்கள்.

தணிக்கை அதிகாரி மறுபடி வந்தார். அறுபத்து மூன்று கிலோ. முதல் தடவை எட்டரை கிலோ குறைந்ததற்கே அவருக்குக் கட்டம் கிடைக்கவில்லை. இந்தத் தடவை பதினைந்து கிலோ கூடியிருந்தது. அரசாங்க அறையில் வழக்கு எண் இல்லாத கஞ்சா செடி நிற்கிறது என்றால், யாரோ அனுமதியில்லாமல் பயிர் செய்திருக்கிறார்கள் என்று பொருள். நீர் ஊற்றியது யார் என்று கேட்டார். சாவி அக்காவின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது. ஓய்வுக்கு மூன்று மாதம் இருந்தது.

படைத்தலைவருக்கு அந்த நிமிஷம் வேறொரு விஷயம் நினைவுக்கு வந்தது. இந்த ஆண்டு இலக்கில் பன்னிரண்டு கிலோ குறைந்தது. ஆற்றுப் பாலத்தின் புண்ணியத்தில் ஒரு லாரியும் சிக்கவில்லை. இங்கே பதினைந்து கிலோ பச்சைப்பசேல் என்று நிற்கிறது. தேடிப் போக வேண்டியதில்லை. பெட்ரோல்கூட மிச்சம்.

மறுநாள் விடியற்காலை எட்டு டீ போனது. எட்டு பனியன்களும் முன்வாசல் வழியாக வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி ஓடி, பின்பக்கம் பறிமுதல் அறை வாசலில் நின்றார்கள். பத்திரிகைக்காரர்கள் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். சாவி அக்கா பூட்டைத் திறக்கப் போனார். படைத்தலைவர் தடுத்தார்.

"சாவியெல்லாம் வேணாம்மா. உடைச்சாத்தான் ரெய்டு."

கதவு நல்ல தேக்கு. உடைக்க இருபது நிமிஷம் ஆனது. பொதுமக்கள் தரப்பில் ஒரு சாட்சி தேவைப்பட்டது. தெருவில் பொறுப்பான மனிதர் என்று ஜெராக்ஸ் கடைக்காரரை அழைத்தார்கள். அவர் கடையைப் பாதி மூடிவிட்டு வந்து, படிக்காமலே அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு, குற்றவாளி யார் என்று எழுத வேண்டிய இடம் வந்தது. எல்லோரும் சாவி அக்காவைப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் அவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து விரித்தார். மேலே தண்ணீர் ஆணை இருந்தது. கீழே படைத்தலைவர், தலைமையகம், தணிக்கை, அரசு வக்கீல் என்று வரிசையாக நாலு கையெழுத்து.

"நான்தான் சார் ஊத்தினேன். என் பேரை எழுதுங்க. ஊத்தச் சொன்னவங்க பேரையும் வரிசையா எழுதிடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல."

அரசு வக்கீலுக்கு ஆள் போனது. வந்து கோப்பைப் பார்த்துவிட்டு அவர் தொண்டையைச் செருமினார். நீர் அரசாங்கத்துடையது, அது குற்றமற்றது. எரு இயற்கையுடையது. விதை யாருடையது? மூட்டையுடையது. மூட்டை யாருடையது? எல்லோருக்கும் மூச்சு வந்தது. பதினாறு மாதமாகச் சிறையில் இருக்கும் லாரிக்காரர் மீது, சிறையிலிருந்தபடியே சதித்திட்டம் தீட்டிக் காவல்துறை வளாகத்தில் சாகுபடி செய்ததாக இரண்டாவது வழக்குப் பதிவானது. மண்டலத்திலேயே துணிச்சலான குற்றவாளி என்று படைத்தலைவர் பேட்டியில் சொன்னார். வழக்கின் அலுவல் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லிச் சாவி அக்காவிடம் தாளை நீட்டினார்கள். முழங்கால் ஆபரேஷன் தேதி ஓய்வு பெற்ற மறு மாதம் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

இலக்கு நிறைவேறியது. படைத்தலைவருக்குப் பதக்கம் வந்தது. சாவி அக்காவுக்கு ஓர் ஆணை வந்தது. புதிதாகக் கைப்பற்றிய பொருளும் கைப்பற்றப்பட்ட நிலையிலேயே பராமரிக்கப்படுதல் வேண்டும். கைப்பற்றியபோது அது வளர்ந்துகொண்டிருந்தது. ஆகையால் அது தொடர்ந்து வளர்தல் வேண்டும். வழக்கு முடியும்வரை பொறுப்பாளர் ஓய்வு பெற இயலாது. பென்ஷன் அதன் பின்னர் பரிசீலிக்கப்படும். புது வழக்கை அதற்குள் இரண்டு முறை ஒத்திவைத்திருந்தார்கள்.

வெற்றி விழா முடிந்த வாரம் டீக்கடை அம்மா நாலாவது மனுவோடு போனாள். படைத்தலைவர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். உட்காரச் சொன்னார். மனுவைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற சாவி அக்காவிடம் திரும்பினார்.

"ஏம்மா, மாத்திரை மேல தண்ணி தெளிச்சா எடை ஏறுமா?"

"கரைஞ்சிடும் சார்."

அவர் வருத்தத்தோடு மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

இருவரும் வெளியே வந்தார்கள். டீக்கடை அம்மா ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். தெருமுனையில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். போதையில்லா மண்டலம் தந்த படைக்குத் தெருவாசிகளின் நன்றி. நடுவில் படைத்தலைவர். கீழே, செலவை ஏற்றவர்கள் வரிசையில் முதல் படம் ஜெராக்ஸ் கடைக்காரருடையது. சாவி அக்கா டீயை ஆற்றிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது வரிசையில் கண் நின்றது.

"உன் படமும் இருக்கே."

"ஜெராக்ஸ் கடைக்காரர்தான்க்கா வீடு வீடா வந்து கேட்டாரு. எல்லாரும் கொடுத்தாங்க. நான் மட்டும் கொடுக்கலன்னா, என் கடையில என்னமோ இருக்குன்னு நினைப்பாங்கள்ல?" என்றவள், டம்ளரைக் கழுவியபடியே கேட்டாள். "அந்த லாரிக்காரரு உள்ள இருந்துகிட்டே பயிர் செஞ்சாருன்னு நீங்களும் கையெழுத்து போட்டீங்களாமே?"

சாவி அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி. மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றப் போனார்.